மொங்கு அக்கா

பிஸ்கற் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் புதிதாக வந்த யாராவது "நீங்கள் எந்த இடம்?" என்று அக்காவைக் கேட்டுவிட்டால், மேசையில் இருக்கும் நாங்கள் எல்லோரும் எங்கள் கோப்பைகளையும் பெட்டிகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு முழு மேசையும் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"மொங்கு" என்பார் முதலில். கேட்டவர் விழிப்பார். அக்கா உப்புப் போத்தலைத் திறந்து மேசையில் தாராளமாகக் கொட்டுவார். அது மணல். மொங்குவில் எங்கே தோண்டினாலும் மணல்தானாம். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அதன் பக்கத்தில் கவிழ்க்காமல் வைப்பார். அது வெள்ளச் சமவெளி. ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியாத அளவு அகலம். மூடிக்குள் ஒரு கயிற்றுத் துண்டை வளைத்துப் போட்டால் அது சாம்பேசி ஆறு. சாம்பியாவின் வடமேற்கு மூலையில் பிறந்து, எல்லை தாண்டி அங்கோலாவுக்குள் போய், என்ன நினைத்ததோ திரும்பவும் சாம்பியாவுக்குள்ளேயே வந்து, இந்தச் சமவெளியின் நடுவால் தெற்கே இறங்கும் ஆறு. சமவெளியின் கிழக்கு விளிம்பில், உப்பு மேட்டின் நுனியில், விரலால் ஒரு பள்ளம் வைப்பார். அதுதான் மொங்கு.

தலைநகர் லுசாக்காவை வைக்க மேசை போதாது. பக்கத்து மேசையில் இருப்பவரின் தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டி அதுதான் லுசாக்கா என்பார். அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு பகல் முழுவதும் ஓட வேண்டும், நடுவில் காடு, யானை குறுக்கே வந்தால் பஸ் நிற்கும், சாரதி இறங்கிச் சிகரெட் பிடிப்பான். இதெல்லாம் சொல்லி முடிக்க இடைவேளை மணி அடித்துவிடும். அக்கா உப்பைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு எழுவார். மறுநாள் அந்த ஊரின் வரலாறு தொடங்கும்.

எண்பத்து நான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா எனக்குச் சில மாதங்கள் முந்தி. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான, கறுத்த, பெரிய கண்ணாடி போட்ட பெண். தன் தம்பியாரின் பழைய குளிர் அங்கியைக் கைகளை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு வருவார். மணலில் நடந்து பழகியதால் கால்களை உயர்த்தி உயர்த்தி வைப்பார். நாங்கள் எல்லோரும் பனியில் வழுக்கி விழுந்து எழும்பிய அந்தக் குளிர்காலத்தில் அக்கா ஒரு தடவைகூட விழவில்லை.

பிறந்தது மட்டக்களப்பு, கல்லடி. கணவர் கணித ஆசிரியர், இவர் புவியியல் ஆசிரியை. எழுபதுகளில் எங்கள் ஆசிரியர்கள் பலர் ஆபிரிக்காவுக்குப் போனதுபோல இவர்களும் ஒப்பந்தத்தில் போனார்கள். மற்றவர்கள் பெரிய நகரங்களைக் கேட்டு வாங்கினார்களாம். இவர்களுக்குக் கிடைத்தது யாரும் கேட்காத மொங்கு. பிள்ளைகள் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள். கணவர் அங்கேயே காலமானார். அவர் பெயரில் இருந்த பாடசாலை வீட்டை விட வேண்டி வந்தது. கல்லடிக்குத் திரும்பலாம் என்றிருந்தபோது எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. எங்கள் தொழிற்சாலை இருந்த இதே ஸ்காபரோவில் கணக்காளராக இருந்த தம்பியார் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டுக்கொண்டார்.

இவ்வளவையும் தம்பியார்தான் எனக்குச் சொன்னார். அக்காவிடம் கேட்டால் ஊரைப் பற்றித்தான் சொல்வார், தன்னைப் பற்றி அல்ல.

தம்பியாருக்கு அந்த மொங்குக் கதை பிடிக்கவே பிடிக்காது. நல்ல மனுசன்; அக்கா மீது உயிர். ஆனால் கலியாண வீடு, பிறந்தநாள் என்று நாலு சனம் கூடும் இடத்தில் அக்கா வாய் திறப்பதற்கு முன்பே "எங்கட அக்கா. மட்டக்களப்பு" என்று முந்திக்கொள்வார். அக்கா மறுத்துப் பேச மாட்டார். தம்பியார் அந்தப் பக்கம் போனதும் மெதுவாக, "பிறந்தது அங்க. ஊர் மொங்கு" என்பார்.

ஒரு தடவை ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்கள் ஆட்களின் கலை விழா நடந்தது. கிழக்கு மாகாணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அக்காவைக் கேட்டிருந்தார்கள். அக்காவும் வாவி, பாலம், கச்சான் காற்று என்று ஒழுங்காகத்தான் தொடங்கினார். மட்டக்களப்பின் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் எப்படியோ வேறொரு வெள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். அங்கே சமவெளியின் நடுவில் ஒரு அரசர் இருக்கிறார் என்றார். மழை முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அரண்மனையில் பெரிய முரசுகள் அடிப்பார்கள். கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட பெரிய படகில் அரசர் ஏறுவார். பின்னால் சனம் முழுவதும் பானை சட்டி, கோழி, பாய் எல்லாவற்றையும் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகும். தண்ணீர் வடிந்ததும் அதே சனம் திரும்பி வரும்.

முன்வரிசையில் இருந்த தம்பியார் தலையைக் குனிந்துவிட்டார். பின்னால் சிலர் சிரித்தார்கள். அக்கா கவனிக்கவில்லை. அந்த நாடு ஒரு காலத்தில் தனியான இராச்சியமாக இருந்தது, தெற்கேயிருந்து படையெடுத்து வந்தவர்கள் பிடித்து ஆண்டார்கள், பிறகு ஆண்டவர்களைத் துரத்தினார்கள், ஆனால் ஆண்டவர்கள் கொண்டுவந்த மொழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றார். வெள்ளைக்காரன் வந்தான், காப்பாற்றுவேன் என்று எழுதிக் கொடுத்தான். அவன் போகும்போது, புதிய நாட்டோடு சேருங்கள், உங்கள் உரிமை உங்களுக்கே இருக்கும் என்று ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். சேர்ந்தார்கள். சில வருடங்களில் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அரசு சொல்லிவிட்டது. அவர்களின் மாகாணத்தின் பெயரையும் மாற்றிவிட்டது.

மண்டபத்தில் சிரிப்பு நின்றிருந்தது. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நேரம் போய்விட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினார். தொப்பி போட்ட ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவராம், வாசலில் அக்காவை மறித்தார்.

"பிள்ளை, பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது?"

"இரிக்குதுகள் ஐயா. வெள்ளம் வந்தா மேட்டுக்குப் போகுதுகள், வத்தினா வருதுகள். அந்த ஒப்பந்தத்தை ஒருத்தரும் மறக்கல்ல."

 பெரியவர், அங்கே நெல் விளையுமா என்று கேட்டார். விளையும் என்று அக்கா முகம் மலர்ந்து சொன்னார். நெல் விளையும், மாமரம் தெருவெல்லாம் நிற்கும், கசுக்கொட்டையும் காய்க்கும்.

அக்கா தன் ஊரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஆள் அல்ல. மற்றவர்களின் ஊரையும் இதே மேசையில் வைக்கச் சொல்வார். எங்களோடு வேலை செய்த மரியா அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு போர்த்துக்கல் தீவுக்காரி. யாரும் கேட்டறியாத தன் தீவை அவள் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த பாண் துண்டால் செய்து காட்டினாள். நடுவில் எரிமலை வாயைப் பெருவிரலால் அமுக்கினாள். அதற்குப் பிறகு அக்கா அவளைக் காணும்போதெல்லாம் அந்தத் தீவின் காலநிலையைத்தான் விசாரிப்பார். மரியா என்னிடம், இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்தில் தன் ஊரை ஒரு ஆள் ஞாபகம் வைத்திருப்பது இதுதான் முதல் தடவை என்றாள்.

என்னிடமும் கேட்டார். "கொழும்பு" என்றேன். கொழும்பில் எங்கே என்றார். நான் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருந்த வெள்ளவத்தை வீடு எண்பத்து மூன்றில் எரிந்தது. அதன் பிறகு அந்த ஒழுங்கையின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. என் கணவரும் சொன்னதில்லை. இருவரும் அதைச் சொல்லாமல் இருப்பதற்குப் பழகியிருந்தோம். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "விடு புள்ள" என்று சொல்லி உப்பைக் கூட்டி அள்ளினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அக்கா புட்டும் பொரித்த மீனும் கொண்டு வந்தார். நான் சாப்பிட்டேன், அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தார். எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் எனக்குப் பேச்சு வந்தது. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை, கடைசியிலிருந்து இரண்டாவது வீடு, மேல்மாடி எங்களுடையது, அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். எல்லாவற்றையும் சொன்னேன். எரிந்ததைச் சொல்லவில்லை. வீட்டை மட்டும் சொன்னேன்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரயில் போகக்குள்ள யன்னல் அதிருமா?"

"அதிரும்" என்றேன். "கண்ணாடி அலுமாரிக்குள்ள கோப்பையள் கிணுகிணுக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, நான் கேட்காமலே, தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அன்றுதான்.

மலேரியா. மூளைக்கு ஏறிவிட்டது, மூன்று நாளில் முடிந்துவிட்டது. அந்த ஊரில் இறந்தவரைப் புதைப்பார்கள். எரிப்பது என்ற பேச்சே அவர்களுக்கு அருவருப்பு. அக்கா ஊர்த்தலைவரிடம் போய் மணலில் முழந்தாளிட்டு, எங்கள் வழக்கம் இது, நெருப்பில் கொடுத்து, சாம்பலை ஆற்றில் விட வேண்டும் என்று சொன்னார். தலைவர் முகத்தைச் சுளித்தார். கடைசியில், நெருப்பு எங்களுக்கு விளங்கவில்லை, ஆறு விளங்குகிறது என்றாராம். சமவெளி தொடங்கும் விளிம்பில் ஓர் இடத்தைக் காட்டினார். கணவரிடம் படித்த பெடியன்கள் மரம் தறித்தார்கள். அங்கே மணலில் சில்லு புதையும் என்பதால் மாடுகள் இழுப்பது சில்லில்லாத சறுக்கு வண்டி. அதில் விறகு ஏற்றி வந்தார்கள். எரியும்போது ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. ஆனால் ஒருவரும் வீட்டுக்கும் போகவில்லை. தூரத்தில் மாமரங்களுக்குக் கீழே நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வருட வெள்ளம் வந்து சாம்பலைக் கொண்டு போனது.

"நான் வெளிக்கிட்டு வரக்குள்ள அந்த இடத்தில ஒண்டுமே இல்ல" என்றார் அக்கா. "வெறும் மணல். ஆருக்கும் தெரியாது."

பிள்ளை சிணுங்கியது. அக்கா எழும்பி நடந்து அதை ஆட்டத் தொடங்கினார்.

அதற்கு அடுத்த மாசி மாதம், நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, வார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து இருவரும் வருகிறோம். சனக்கூட்டம். தரையெல்லாம் பனி உருகிய சேறு. பொதுத் தொலைபேசியில் ஒரு கறுப்பின இளைஞன், கழுத்தில் மாணவர் போடும் கம்பளிச் சால்வை, உரத்துப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு அது ஏதோ ஒரு பாஷை. அக்கா நடப்பதை நிறுத்தினார். கையிலிருந்த பையை என்னிடம் தந்தார். அவன் தொலைபேசியை வைக்கும் வரைக்கும் காத்திருந்து, கிட்டப் போய், அந்தச் சேற்றில் முழந்தாளை மடித்துக் குந்தி, இரண்டு கைகளையும் குவித்து மெதுவாகத் தட்டினார். தட்டிக்கொண்டே அவனுடைய மொழியில் ஏதோ சொன்னார்.

 அந்த இளைஞன் புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டு அவனும் குந்தினான். அவனும் தட்டினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மாறி மாறித் தட்டி, கேள்வியும் பதிலுமாக நெடுநேரம் நலம் விசாரித்தார்கள். வேலை விட்டு ஓடும் சனம் இரு பக்கமாகப் பிரிந்து அவர்களைச் சுற்றிப் போனது. ரயில் வந்தது, போனது. இன்னொன்றும் வந்தது, போனது. நான் பையோடு நின்றேன்.

எழும்பிய பிறகு ஆங்கிலத்தில் பேசினார்கள். அவன் விவசாயம் படிக்க வந்தவன். ஊர் மொங்குவிலிருந்து ஆற்றோடு கீழே இருக்கும் ஒரு கிராமம். மொங்குவில் ஆசிரியராக இருந்தேன் என்று அக்கா சொன்னதும் அவன், எந்த ஆசிரியர், கணித ஆசிரியரின் மனைவியா என்று கேட்டான். ஆம் என்றார். அவன் மறுபடியும் குனிந்து கையைத் தட்டினான். தன் மாமன் மீன்பிடிக்கிறவர், வெள்ளக் காலத்தில் ரீச்சரின் துறையில்தான் வள்ளம் கட்டுவார் என்றான்.

அக்காவுக்கு விளங்கவில்லை. எந்தத் துறை என்று கேட்டார். அவன் சாதாரணமாகச் சொன்னான். அந்தக் கணித ரீச்சரை எரித்த இடம். சமவெளிக்குள் வெள்ளம் ஏறும்போது தண்ணீர் முதலில் வந்து தொடும் இடம் அதுதான். அதனால் வள்ளங்கள் அங்கே வரத் தொடங்கின. இப்போது எல்லோரும் அதற்கு அந்தப் பெயர்தான் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஏன் என்றுகூடத் தெரியாது, அது அந்த இடத்தின் பெயர், அவ்வளவுதான்.

 ரயிலில் என் பக்கத்தில் இருந்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். இறங்கும் இடம் வந்தபோது, "நான் போகப்போறன் புள்ள" என்றார். வீட்டுக்கு என்று நினைத்து நான் தலையாட்டினேன்.

மொங்குவுக்கு என்று தெரிந்தது தம்பியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோதுதான். நான் போய்ச் சொன்னால் அக்கா கேட்பார் என்று நினைத்திருக்க வேண்டும். அவருடைய வீட்டு இருப்பறையில் அவர் நடந்துகொண்டிருந்தார். அக்கா ஒரு கதிரையில் அமைதியாக இருந்தார். தெருவுக்குத் தெரு எங்கள் ஆட்கள் இந்த நாட்டின் பத்திரத்துக்காகத் தவம் கிடந்த காலம் அது. முந்தின கோடையில்தான் எங்கள் ஆட்களில் ஒரு கூட்டம் நடுக்கடலில் சின்னப் படகுகளில் மிதந்து வந்து கரை சேர்ந்திருந்தது. கையில் இருக்கும் அந்தஸ்தை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்று தம்பியார் எத்தனையோ விதமாகச் சொன்னார். அங்கே மருந்தில்லை, டொக்டர் இல்லை, அத்தானைக் கொன்ற நுளம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றார்.

கடைசியில் அவர் நடையை நிறுத்தினார். "அக்கா, அங்க உங்களுக்கு ஆர் இரிக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல தம்பி" என்றார் அக்கா. "ஆனா அங்க போனா நான் எங்கயிருந்து வந்தன் எண்டு ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல."

நான் தம்பியாருக்காகப் பேசத்தான் போயிருந்தேன். எழும்பி அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தம்பியார் சமையலறைக்குப் போய் நெடுநேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார்.

அந்த மாணவனின் உதவியோடு பழைய பாடசாலைக்குச் செய்தி போனது. அங்கே ஆசிரியர் தட்டுப்பாடு, வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா அந்த வருடக் கடைசிவரை வேலை செய்தார். வேலையை விட்ட நாளில் மரியா அழுதாள். மேற்பார்வையாளர், உடைந்த பிஸ்கற் மட்டுமே வெளியே போகலாம் என்ற தொழிற்சாலைச் சட்டத்தை மறந்து, உடையாத பெட்டிகளைப் பெரிய மட்டைப் பெட்டியில் அடுக்கி, பிள்ளைகளுக்கு என்று கொடுத்தார். விமான நிலையத்தில் தம்பியார் அந்தப் பெட்டியைத் தானே சுமந்தார், வேறு ஒருவரையும் தொட விடவில்லை. உள்ளே போகும் வாசலில் அக்கா குளிர் அங்கியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். சேலையில், மெல்லிய சட்டையில், குளிரில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டு சிரித்தார். தம்பியார் அந்த அங்கியை முகத்தில் அழுத்திக்கொண்டு, எல்லோரும் பார்க்க, சின்னப் பிள்ளைபோல அழுதார்.

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. நெடுந்தூரத்து இரைச்சல். அக்காவின் குரல். மொங்குத் தபாற் கந்தோரில் நிற்கிறாராம். முதலில் என் மகளைக் கேட்டார்; நடக்கிறாள் என்றேன். தம்பியாரைக் கேட்டார், ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றேன். பாடசாலையில் முந்தின வீட்டையே கொடுத்திருக்கிறார்கள், கூரை ஒழுகுகிறது, பிஸ்கற் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்றார். இந்த வருடம் நல்ல தண்ணீர், துறைக்குப் போயிருந்தேன், வள்ளங்கள் நின்றன என்றார்.

துறையைச் சொல்லத் தொடங்கியதும் அவருடைய பேச்சு வேகமெடுத்தது. இடையில் ஒரு சொல் மாறியது, பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அவர் முழுவதும் அந்த ஊர்ப் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை. நடுவில் சிரித்தார், யாரையோ திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் மறிக்கவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க, லைன் அறுந்துபோகும் வரைக்கும் "ஓம் அக்கா, ஓம்" என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.